கிணற்று மோட்டாருக்குச் செல்போன் இணைப்பு: ஏவினால் போதாது, பதில் வரவேண்டும்

மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில் இரவுப் பாசனத்தின் தொல்லையை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடக்க வேண்டும். வழியில் பாம்பு, தேள் பயம் உண்டு. கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தால் கரண்ட் வந்திருக்காது. காத்திருந்து ஓட்டிவிட்டு வீடு திரும்பினால், அரைமணியில் கரண்ட் போய் மோட்டார் நின்றிருக்கும். அது தெரியாமல் விடியும்வரை தூங்கிவிட்டால் பயிர் காயும்.

இந்த அலைச்சலைக் குறைப்பதற்காகவே செல்போன் மூலம் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகள் வந்துள்ளன. பல விவசாயிகள் இவற்றைப் பொருத்திப் பயனடைந்து வருகின்றனர். ஆனால், கருவியை நம்பி மோட்டார் காயிலைக் கருக விட்டவர்களும், ஓடாத மோட்டார் ஓடுவதாக எண்ணிப் பயிரை வாட விட்டவர்களும் உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? கருவி எவ்வாறு பேசுகிறது, பேச்சு அறுந்துபோனால் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. வாங்குமுன் இதை அறிந்துகொள்வது நலம்.

இயந்திரங்கள் பேசுவது எப்படி?

மனிதர் இடையில் இல்லாமலே ஒரு கருவி மற்றொரு கருவிக்குச் செய்தி அனுப்புவதை 'இயந்திரத்துக்கு இயந்திரம் செய்தித் தொடர்பு' என்பர். கிணற்றடிப் பெட்டி, வயலில் புதைத்த ஈரமானி, சொட்டுநீர்க் குழாயின் வால்வு ஆகியவை தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்வது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

செல்போனைக் கொண்டு பம்புசெட்டை இயக்கும் முயற்சியில் நம் நாட்டவர் பின்தங்கியிருக்கவில்லை. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' என்னும் கருவி 2009ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் உலக அளவில் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. அதன்பின் பல நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கின.

கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நான்கு பகுதிகள் இருக்கும். முதலாவது, சிம் கார்டு போட்ட மோடம். இது செல்போனைப் போன்றதே. பேசும் வாயும் கேட்கும் காதும் இதுதான். இரண்டாவது, சிறு கணிப்பான் சில்லு. என்ன செய்தி வந்தது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது இது. மூன்றாவது, ரிலே. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் நம் விரல் அழுத்துவதற்குப் பதிலாக இது செயல்படும். நான்காவது, மின்சாரத்தை அளக்கும் பகுதி. மூன்று முனையிலும் மின்னழுத்தம் இருக்கிறதா, மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று இது பார்க்கும். இவற்றோடு, கரண்ட் இல்லாத நேரத்திலும் செய்தி அனுப்ப ஒரு சிறு பாட்டரி இருப்பது நல்லது.

விலை மலிவாகச் செய்ய வேண்டும் என்று சிலர் நான்காவது பகுதியை விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கருவிக்குக் கை உண்டு, கண் இல்லை. இதைப் பின்னர் விளக்குவோம்.

செய்தி போகும் மூன்று வழிகள்

முதல் வழி, போன் அழைப்பு. கருவியின் எண்ணுக்கு நாம் போன் செய்தால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு 1ஐ அழுத்தினால் மோட்டார் ஓடும், 0ஐ அழுத்தினால் நிற்கும் என்று வைத்திருப்பார்கள். செல்போனில் ஒவ்வொரு எண்ணை அழுத்தும்போதும் இரண்டு ஒலிகள் சேர்ந்து எழுகின்றன. 1ஐ அழுத்தினால் நொடிக்கு 697 அதிர்வு கொண்ட ஒலியும் 1209 அதிர்வு கொண்ட ஒலியும் எழும். அந்த இரட்டை ஒலியைக் கேட்டே கருவி இன்ன எண் என்று அறிகிறது. பொத்தான் வைத்த சாதாரணப் போனே இதற்குப் போதும்.

இரண்டாவது வழி, எஸ்.எம்.எஸ். குறுஞ்செய்தி. நாம் செய்தி அனுப்பினால் கருவி அதைப் படித்துச் செயல்பட்டு, பதில் செய்தியும் அனுப்பும்.

மூன்றாவது வழி, இணையம். இதில் போனும் கருவியும் நேராகப் பேசுவதில்லை. தொலைவில் உள்ள ஒரு பெரிய கணினி நடுவில் நின்று இரண்டையும் இணைக்கிறது. இதைச் சர்வர் என்கின்றனர். எந்தக் கருவி எதோடு பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதைக் கம்பி இழுத்து முடிவு செய்வதில்லை. சர்வரில் எழுதிய மென்பொருளே முடிவு செய்கிறது. ஆகவே, இன்று ஒரு வால்வோடு பேசும் மோட்டாரை நாளை மூன்று வால்வுகளோடு பேச வைக்க வேண்டுமானால் மென்பொருளில் மாற்றினால் போதும். புதுக் கம்பி தேவையில்லை.

அஞ்சலகமும் உயிலும்

சர்வர் வேலை செய்யும் முறையைக் கிராமத்து அஞ்சலகத்தோடு ஒப்பிடலாம். ஈரமானி தன் அளவை எழுதி அஞ்சலகத்தில் போடுகிறது. அந்தச் செய்தி வேண்டும் என்று முன்பே பெயர் கொடுத்து வைத்தவர்களுக்கெல்லாம் அஞ்சலகம் அதைப் பட்டுவாடா செய்கிறது. மோட்டார்ப் பெட்டி, வால்வு, உங்கள் போன் ஆகிய மூன்றும் பெயர் கொடுத்திருந்தால் மூன்றுக்கும் போய்ச் சேரும். ஈரமானிக்கு இவை எங்கே இருக்கின்றன என்றே தெரிய வேண்டியதில்லை.

இந்த முறையில் செய்தி அனுப்புவதற்கு எம்.க்யூ.டி.டி. என்ற விதித்தொகுப்பு பெரிதும் வழக்கில் உள்ளது. இதை 1999ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் வகுத்தனர். ஆளில்லாத இடங்களில் செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதே அன்றைய நோக்கம். செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம். இணைப்பு அடிக்கடி அறுந்தும் போகும். ஆகவே செய்தி மிகச் சுருக்கமாக இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் அது உடனே தெரிய வேண்டும் என்று திட்டமிட்டனர். சிக்னல் வந்து வந்து போகும் நம் கிணற்றடிக்கும் இது பொருந்திவிட்டது.

இதில் ஓர் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. கருவி, சர்வரோடு முதலில் இணையும்போதே ஓர் உயில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. "நான் சொல்லிக்கொள்ளாமல் மறைந்துவிட்டால், இன்னாருக்கு இன்ன செய்தியைத் தெரிவிக்கவும்" என்பதே அந்த உயில். கருவியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் எந்தச் சத்தமும் வராவிட்டால், சர்வர் அந்த உயிலைத் திறந்து, "கிணற்றடிக் கருவி தொடர்பில் இல்லை" என்று உங்கள் போனுக்கு அறிவிக்கும். இந்த ஏற்பாடு செய்யப்படாத கருவியில், கடைசியாக வந்த "மோட்டார் ஓடுகிறது" என்ற செய்தியே போன் திரையில் மணிக்கணக்காக நின்றுகொண்டிருக்கும். அதை நம்பி விவசாயி சும்மா இருந்துவிடுவார்.

ஏவினால் போதாது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "மோட்டார் ஓடுகிறது" என்று போனில் தெரிந்தால், அது எதைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேட்க வேண்டும். நான்கு நிலைகள் உள்ளன.

முதல் நிலை: கட்டளை கருவிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நிலை: ரிலே அழுத்தி, ஸ்டார்ட்டர் இழுத்துப் பிடித்தது. மூன்றாம் நிலை: மோட்டார் உரிய அளவு ஆம்பியர் எடுக்கிறது. நான்காம் நிலை: குழாயில் தண்ணீர் வந்து விழுகிறது.

கண் இல்லாத கருவி என்று மேலே கூறியது முதல் இரண்டு நிலைகளோடு நின்றுவிடும். ஸ்டார்ட்டர் இழுத்தும் பியூஸ் போயிருந்தால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடியும் ஃபுட்வால்வு ஒழுகி இறைப்பான் காற்று வாங்கியிருந்தால் தண்ணீர் வராது. இரண்டின் போதும் அந்தக் கருவி "ஓடுகிறது" என்றே பதில் சொல்லும்.

ஆகையால், பதில் செய்தியில் ஆம்பியர் அளவைச் சொல்லும் கருவியையே வாங்க வேண்டும். மோட்டார் தண்ணீர் இறைக்கும்போது எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்பதை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால், பிறகு வீட்டிலிருந்தபடியே நிலைமையை ஊகிக்கலாம். வழக்கமாக 8 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் 5 எடுத்தால் தண்ணீர் அறுந்துவிட்டது என்று பொருள். 12 எடுத்தால் ஏதோ இறுகிவிட்டது, அல்லது ஒரு முனை போய்விட்டது என்று பொருள். தண்ணீர் விழும் குழாயில் நீரோட்டத்தை அறியும் சிறு சுவிட்சையும் பொருத்திக்கொண்டால் நான்காம் நிலையும் உறுதியாகும்.

பேச்சு அறுந்தால் பெட்டி என்ன செய்யும்?

செல்போன் டவரில் கரண்ட் போகலாம். மழை இடியில் சிக்னல் மறையலாம். ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம். சர்வர் நடத்தும் நிறுவனமே தொழிலை நிறுத்திவிடலாம். பேச்சு என்றாவது ஒருநாள் அறும் என்று எண்ணியே ஏற்பாடு செய்தல் வேண்டும். மோட்டாரைக் காக்கும் வேலை போனிடமோ சர்வரிடமோ இருக்கக்கூடாது. கிணற்றடிப் பெட்டியிடமே இருக்க வேண்டும். கீழ்க்கண்ட நான்கு காப்புகளும் சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்வது அவசியம்.

ஒற்றைமுனைத் தடுப்பு: மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டால், மோட்டார் மற்ற இரண்டிலும் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும்; காயில் கருகிவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், அறுந்த முனையிலும் ஓரளவு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக் காட்டும். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் தடுப்பான் இதில் ஏமாறக்கூடும். ஒவ்வொரு முனையிலும் ஓடும் ஆம்பியரைப் பார்க்கும் தடுப்பானே மேலானது.

வறண்ட ஓட்டத் தடுப்பு: கிணற்றில் தண்ணீர் தீர்ந்தபின் மோட்டார் ஓடினால் இறைப்பான் சூடேறிக் கெடும். தண்ணீரால் குளிரும் நீர்மூழ்கி மோட்டாருக்கு இது பெருங்கேடு. தண்ணீர் இறைக்கும்போது 8 ஆம்பியரும், தண்ணீர் அறுந்தபின் 5 ஆம்பியரும் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 6.5 ஆம்பியருக்குக் கீழே போனால் நிறுத்தும்படி கருவியை அமைக்கலாம். நிறுத்தியபின், கிணறு ஊறுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கழித்தே மறுபடி ஓட வேண்டும்.

மிகைச் சுமைத் தடுப்பு: இது ஸ்டார்ட்டரிலேயே உள்ள ரிலேயின் வேலை. செல்போன் கருவி பொருத்துகிறோம் என்று அந்த ரிலேயை விலக்கிவிட அனுமதிக்கக்கூடாது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ப அது அமைந்திருக்கிறதா என்று வயர்மேனைக் கேட்டறிக.

நேரக் கட்டுப்பாடு: நிறுத்தச் சொல்லும் செய்தி வந்து சேராவிட்டாலும், குறித்த நேரம் ஆனதும் பெட்டி தானே நிறுத்த வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுவது எளிது. 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கவும். 40 நொடியில் நிரம்பினால், நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். நொடிக்கு 5 லிட்டர் வீதம் இதற்கு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாய்க்காலில் வீணாவதையும் சேர்த்து நேரத்தைக் குறிக்கலாம். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அதே மோட்டார் 3 மணி நேரம் வீணாக ஓடினால் 54,000 லிட்டர் நிலத்தடி நீர் போய்விடும். தமிழ்நாட்டில் பாசன மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடையில் கிணறு வற்றும்போதுதான் தெரியும்.

இருமுனை மின்சாரத்தில் கன்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டுவோர், ஒற்றைமுனைத் தடுப்பானை விலக்கி வைத்துவிடுவது உண்டு. அந்த நிலையில் தொலைவிலிருந்து மோட்டாரை ஏவுவது காயிலைத் தெரிந்தே கருக வைப்பதாகும்.

காலங்கடந்த கட்டளை

எஸ்.எம்.எஸ். செய்தி போன் பேச்சைப் போன்றதன்று. அனுப்பியவுடன் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. கிணற்றடியில் சிக்னல் இல்லையென்றால், செய்தி கம்பெனியின் கணினியில் தேங்கி நின்று, சிக்னல் வந்தபின் போய்ச் சேரும். மாலை 6 மணிக்கு "ஓட்டு" என்று அனுப்புகிறோம். பதில் வரவில்லை. நேரில் போய்க் கையால் ஓட்டி, வேலையை முடித்து நிறுத்திவிட்டு வருகிறோம். இரவு 11 மணிக்குச் சிக்னல் வந்ததும் அந்தப் பழைய செய்தி போய்ச் சேர்கிறது. மோட்டார் ஓடத் தொடங்குகிறது. யாருக்கும் தெரியாது.

நல்ல கருவி, செய்தி அனுப்பப்பட்ட நேரத்தைப் பார்த்து, சில நிமிடங்களுக்கு மேல் பழையதாக இருந்தால் அதைத் தள்ளிவிடும். இந்த ஏற்பாடு உள்ளதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால், போன் அழைப்பு மூலம் இயக்குவதே பாதுகாப்பானது. பேச்சில் கட்டளை தேங்கி நிற்பதில்லை.

உயிருக்குப் பாதுகாப்பு

செல்போன் கருவி பொருத்திய மோட்டார் எந்த நொடியிலும் ஓடத் தொடங்கலாம். இதை வீட்டிலுள்ளோர், வேலையாட்கள், மெக்கானிக் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார். அது தெரியாமல் வீட்டிலிருந்து மகன் போனில் ஏவிவிடுவான். இப்படி நேர்ந்தால் விரல் போகும், உயிரும் போகலாம்.

ஆகவே, மோட்டாரிலோ, ஸ்டார்ட்டரிலோ, கிணற்றுக்குள்ளோ வேலை செய்யுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். போன் கட்டளையால் மோட்டாரை நிறுத்தி வைத்திருப்பது போதாது. பெட்டியில் 'தானியங்கி', 'கையால்' என்று இரு நிலைச் சுவிட்சு இருந்தாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. "இம்மோட்டார் தானாக ஓடும், எச்சரிக்கை" என்று தமிழில் பெரிதாக எழுதி மோட்டார் அறையில் தொங்கவிடுவது நல்லது. எர்த் கம்பி சரியாக உள்ளதா என்றும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

கரண்ட் வந்தவுடன் ஓடும்படி அமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டார்களும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். மோட்டார்களும் திணறும், டிரான்ஸ்பார்மரும் கெடும். பக்கத்துத் தோட்டத்தாரோடு பேசி, ஒருவர் 2 நிமிடம், அடுத்தவர் 4 நிமிடம், அதற்கடுத்தவர் 6 நிமிடம் என்று தாமதம் வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை. கருவிகள் பேசிக்கொண்டால் மட்டும் போதாது. தோட்டக்காரர்களும் பேசிக்கொள்ள வேண்டும்.

ஈரமானி சேர்த்தால்

அடுத்த படி, மண்ணின் ஈரத்தை அளந்து அதன்படி நீர் பாய்ச்சுவது. "மேல் வேர் மண் காய்ந்திருந்தால், மூன்று முனையிலும் கரண்ட் இருந்தால், கிணற்றில் தண்ணீர் இருந்தால் வால்வைத் திற, பிறகு மோட்டாரை ஓட்டு" என்று மென்பொருளில் விதி எழுதி வைக்கலாம். வால்வு "திறந்துவிட்டேன்" என்று பதில் சொன்ன பிறகே மோட்டார் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மூடிய வால்வின் மேல் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். இங்கும் பதில்தான் முக்கியம்.

வயலில் உள்ள ஈரமானிக்குக் கரண்ட் கம்பி கிடையாது. சிறு பாட்டரியில் ஓட வேண்டும். இதற்கு 'லோரா' என்னும் வானொலி முறை ஏற்றது. இதில் ஈரம் இவ்வளவு என்பது போன்ற சிறு செய்தியைத்தான் அனுப்ப முடியும். படமோ பேச்சோ அனுப்ப முடியாது. ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓரிரு கிலோமீட்டர் போகும். தென்னை மரங்களும் மேடுகளும் குறுக்கிட்டால் தூரம் குறையும். நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் வாங்கத் தேவையில்லை. பல தோட்டக்காரர்கள் சேர்ந்து, உயரமான இடத்தில் ஒரே வாங்கிக் கருவியை வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஈரமானியைப் புதைப்பதில் கவனம் தேவை. வேர்கள் மிகுந்துள்ள ஆழத்தில் ஒன்றும், அதற்குக் கீழே ஒன்றும் வைக்க வேண்டும். மண் இறுக அணைந்திருக்க வேண்டும். காற்று இடைவெளி இருந்தால் ஈர மண்ணையும் காய்ந்த மண் என்று காட்டும். சொட்டுவானின் நேர் அடியில் வைத்தால் எப்போதும் ஈரமாகவே காட்டும். சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி, மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரிந்து ஈர நிலையைக் காட்டும். நீலம் என்றால் ஈரம் மிகுதி; சிவப்பு என்றால் மிகக் குறைவு. இது யாரோடும் பேசாது. இதைப் பார்த்து விவசாயி முடிவெடுத்து, செல்போனில் மோட்டாரை ஓட்டினாலே பெரும்பயன் கிடைக்கும்.

சிம் கார்டு விஷயம்

கருவியில் 2ஜி மோடம் மட்டும் இருந்தால் எல்லா சிம்மும் வேலை செய்யாது. 2016இல் சேவை தொடங்கிய ஜியோவில் 2ஜி கிடையாது. ஆகவே அந்த சிம் 2ஜி கருவிக்கு ஆகாது. பழைய சேவைகள் காலப்போக்கில் மூடப்படுவது உலகெங்கும் நடப்பதால், புதிதாக வாங்குவோர் 4ஜி உள்ள கருவியைக் கேட்டு வாங்குவது நல்லது. வாங்குமுன், எந்தக் கம்பெனியின் சிக்னல் மோட்டார் அறைக்குள் கதவை மூடிய நிலையிலும் கிடைக்கிறது என்று போனைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் கிடைப்பது கிணற்றடியில் கிடைக்க வேண்டும் என்பதில்லை.

மனிதர் போன் எண்ணுக்கு 10 இலக்கம். இயந்திரங்களுக்கான சிம் கார்டுகளுக்கென 13 இலக்க எண்களை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2018இல் வகுத்தது. இத்தகைய சிம்கள், முன்பே குறித்துக் கொடுத்த எண்களோடும் இடங்களோடும் மட்டுமே தொடர்பு கொள்ளும்படி கட்டுப்படுத்தப்பட்டவை. பெட்டிக்குள் சிம் பொருத்தியே விற்கும் நிறுவனங்களிடம் வாங்கினால், அது யார் பெயரில் உள்ளது, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். சொந்த சிம் போடுவோர் ரீசார்ஜ் நாளைச் சுவரில் குறித்து வைக்கவும். ரீசார்ஜ் நெடுநாள் தவறினால் எண் கைவிட்டுப் போகும். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும்.

கருவியோடு வரும் பொது ரகசிய எண்ணை உடனே மாற்றிவிட வேண்டும். நாம் பதிவு செய்த இரண்டு மூன்று எண்களின் கட்டளைக்கு மட்டும் பணியும்படி அமைப்பது அவசியம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. பதில் செய்தியில் ஆம்பியர் அளவு வருமா?
2. சிக்னல் இல்லாதபோதும் நான்கு காப்புகளும் வேலை செய்யுமா?
3. கரண்ட் போனதையும் வந்ததையும் அறிவிக்கப் பாட்டரி உள்ளதா?
4. தொடர்பு அறுந்தால் அதை எனக்கு அறிவிக்குமா?
5. பழைய செய்தியைத் தள்ளிவிடுமா?
6. சர்வர் நின்றுபோனால், போன் அழைப்பு மூலமாவது ஓட்ட முடியுமா?
7. கருவி பழுதானால், பழைய பொத்தான்களைக் கொண்டு கையால் ஓட்ட முடியுமா?
8. அருகில் பழுது பார்ப்பவர் உண்டா?

ஆறாவது, ஏழாவது கேள்விகளுக்கு "ஆம்" என்ற பதில் வராவிட்டால் அந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

பொருத்தியபின் செய்ய வேண்டிய சோதனை

கருவி பொருத்த வந்தவரைத் திருப்பி அனுப்புமுன் அவரைக் கொண்டே மூன்று சோதனைகள் செய்து பார்க்கவும். முதலாவது, மெயினை அணைத்து ஒரு பியூஸ் கட்டையை எடுத்துவிட்டு மெயினைப் போடுங்கள். இப்போது போனில் ஏவினால் மோட்டார் ஓடக்கூடாது. காரணத்தையும் கருவி சொல்ல வேண்டும். இரண்டாவது, மெயினை அணைத்து, எடுத்த பியூஸைத் திரும்பப் போட்டு, சிம் கார்டை எடுத்துவிடுங்கள். மெயினைப் போட்டு, நேரக் கட்டுப்பாட்டை 5 நிமிடத்துக்கு அமைத்து, மோட்டாரைக் கையால் ஓட்டுங்கள். பேச்சு இல்லாமலே 5 நிமிடத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது, மெயினை அணைத்து சிம்மைத் திரும்பப் போட்டபின், வீட்டுக்குப் போய் அங்கிருந்து ஏவிப் பாருங்கள். சில நிமிடத்துக்குள் ஆம்பியர் அளவோடு பதில் வர வேண்டும். அந்த அளவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை நேரில் போய், கருவி சொல்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்ப்பதும் தேவை.

செல்போனில் பம்புசெட்டை இயக்கும் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. நடப்பு ஆண்டின் மானிய அளவையும் ஒப்புதல் பெற்ற கருவிகளின் பட்டியலையும் அந்தந்தக் கோட்டத்திலுள்ள உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். சிட்டா, சிறு விவசாயி சான்று முதலியவற்றை எடுத்துச் செல்லவும். பட்டியலைப் பார்த்தபின், மேலே கூறிய எட்டுக் கேள்விகளையும் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலைக்கு ஆள் வைத்தால், சொன்ன வேலையை முடித்துவிட்டு வந்து "முடிந்தது" என்று சொல்பவரையே நாம் நம்புகிறோம். சொல்ல வர முடியாவிட்டாலும் கேடு நேராமல் பார்த்துக்கொள்பவரை இன்னும் நம்புகிறோம். கிணற்றடிக் கருவியையும் அவ்வாறே பார்த்து வாங்கினால், இரவு அலைச்சல் குறையும். மோட்டாரும் நீரும் மிஞ்சும்.